‘இருந்திருந்தால்…’ – வரலாற்று வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி

வரலாற்றுப் பாடம் நடக்கும்போது எந்த வகுப்பிலும் எப்போதாவது ஒரு மாணவர் கேட்பார்: “அன்னைக்கு அவங்க அப்படிச் செய்யாம இருந்திருந்தா என்ன சார் ஆகியிருக்கும்?” பாடத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில் இருக்கும் நமக்கு இது பாடத்துக்கு வெளியே இழுத்துச் செல்லும் கேள்வியாகத் தோன்றலாம். பாடநூலில் இதற்கு விடை இல்லை, வினாத்தாளிலும் வராது. ஆனால், காரணம் எது, முடிவெடுத்தவர் யார், வேறு வழி இருந்ததா என்ற மூன்றையும் அந்த மாணவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். வரலாற்றைக் கற்பிப்பதே இந்த மூன்றையும் கேட்க வைக்கத்தானே?

சில ஆண்டுகளாக எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளில் இந்தக் கேள்வியை ஒரு கற்பித்தல் முறையாகவே கையாண்டு வருகிறேன். அதில் கிடைத்த அனுபவத்தையும், மூன்று பாடவேளைகளில் நடத்தக்கூடிய ஒரு பாடத்தையும் ஆசிரிய நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது வரலாறா, கற்பனையா?

‘நடக்காததைப் பற்றிப் பேசுவது எப்படி வரலாறாகும்?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ‘வரலாறு என்றால் என்ன?’ என்ற புகழ்பெற்ற நூலை எழுதிய இ.எச்.கார், இப்படிப்பட்ட கேள்விகளைப் பொழுதுபோக்கு விளையாட்டு என்றே ஒதுக்கினார். மறுபுறம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி, அலெக்சாண்டர் இத்தாலியின் பக்கம் படையைத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். எனவே கேள்வி புதிதல்ல. அதைக் கையாளும் விதத்தில்தான் வேறுபாடு.

என் அனுபவத்தில், இந்தக் கேள்வி இரண்டு வகைகளில் உதவுகிறது.

முதலாவது, காரணங்களை எடைபோட. ‘தலைப்பாகை உத்தரவே வேலூர்ப் புரட்சிக்கு உடனடிக் காரணம்’ என்று மாணவர் எழுதுகிறார். அந்த வாக்கியத்துக்குள்ளேயே ‘அந்த உத்தரவு வராமல் இருந்திருந்தால் அன்று அந்தப் புரட்சி வெடித்திருக்காது’ என்ற இன்னொரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்துப் பார்க்காமல், பட்டியலில் உள்ள ஐந்து காரணங்களில் எது பெரியது, எது சிறியது என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது, பொறுப்பை உணர. வேறு எதுவுமே செய்திருக்க முடியாது என்றால் ஒருவரைப் பொறுப்பாளி என்று சொல்ல முடியாது. ‘இவர் பொறுப்பு’ என்று சொல்லும்போதே, ‘இவர் வேறு விதமாகச் செய்திருக்கலாம்’ என்றும் சொல்கிறோம். அந்த ‘வேறு விதம்’ உண்மையில் இருந்ததா என்று சரிபார்ப்பதுதான் வரலாற்று மாணவரின் வேலை.

நான்கு விதிகள்

கட்டுப்பாடு இல்லாவிட்டால் இந்தக் கேள்வி சில நிமிடங்களில் திரைப்படக் கதையாகிவிடும். ஆகவே கரும்பலகையின் ஓரத்தில் நான்கு விதிகளை எழுதிவிட்டே தொடங்குகிறேன்.

1. ஒன்றை மட்டும் மாற்று. ஒரே ஒரு முடிவை, அதுவும் சிறியதாக, மாற்ற வேண்டும். மற்றவை எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும்.

2. அன்றைக்கு இருந்த வழியையே எடு. இன்று நமக்குத் தோன்றும் வழி கூடாது. அந்தக் காலத்து மனிதர் ஒருவராவது அதைச் சொல்லியிருக்க வேண்டும் அல்லது செய்து காட்டியிருக்க வேண்டும்.

3. ஒவ்வொரு படிக்கும் ஒரு ‘ஏனெனில்’. ‘இது மாறியிருந்தால் அது மாறியிருக்கும்’ என்று சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டும்.

4. சான்று நிற்கும் இடத்தில் நாமும் நிற்க வேண்டும். ‘இதற்கு மேல் சொல்ல முடியாது’ என்பதும் முழு மதிப்பெண் பெறும் விடையே.

இங்கே தமிழாசிரியரின் துணையும் பயன்படும். ‘கொடுத்தால் பிழைப்பார்கள்’ என்பது இனி நடக்கக்கூடியதைச் சொல்கிறது. ‘கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்கள்’ என்பது நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கிறது. ‘இருந்திருந்தால்’ என்ற சொல்லைக் கேட்டதுமே கொடுக்கவில்லை என்பதும் புரிந்துவிடுகிறது. பாடத்தைத் தொடங்கும் முன் இப்படி நான்கைந்து வாக்கியங்களை மாற்றி எழுதச் சொன்னால் மாணவர்களின் மனம் தயாராகிவிடும்.

எடுத்துக்கொண்ட பாடம்: தாது வருடப் பஞ்சம்

போர்களை வைத்தும் இந்த முறையைக் கையாளலாம். ஆனால் ‘அந்த அரசன் வென்றிருந்தால்?’ என்று கேட்டால் வகுப்பு இரண்டு அணியாகப் பிரிந்து கைதட்டத் தொடங்கிவிடும். அதனால் நான் 1876–78 ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தைத் தேர்ந்தெடுத்தேன். தாது ஆண்டில் தொடங்கியதால் நம் முன்னோர் இதைத் ‘தாது வருடப் பஞ்சம்’ என்றார்கள். இதில் கொண்டாட எதுவும் இல்லை. கணக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. ‘வேறு வழி இருந்ததா?’ என்ற கேள்விக்கு வெறும் ஊகமாக இல்லாமல், நடந்தே காட்டிய விடை ஒன்றும் இருக்கிறது.

ஆசிரியர் அறிந்துகொள்ள வேண்டிய பின்னணி இது.

1873இல் வங்காளம், பீகார் பகுதிகளில் மழை பொய்த்தது. அங்கே நிவாரணப் பணியை நடத்தும் பொறுப்பு சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரிக்கு வந்தது. அரசே பர்மாவிலிருந்து பெருமளவில், ஏறத்தாழ நான்கரை லட்சம் டன் அரிசியை வரவழைத்தது. நிவாரண வேலைகளும் தாராளமாக நடந்தன. பட்டினிச் சாவுகள் மிகக் குறைவாகவே இருந்தன. ஆனால் அரிசியில் ஒரு பகுதி மிஞ்சியது. தேவைக்கு மேல் செலவு செய்துவிட்டார் என்று டெம்பிள் மீது கடும் கண்டனம் எழுந்தது.

மூன்றே ஆண்டுகளில், 1876இல் சென்னை மாகாணத்திலும் மைசூர், ஐதராபாத், பம்பாய் பகுதிகளிலும் மழை தவறியது. 1876 இறுதியில் சென்னை அரசாங்கம் தானே தானியம் வாங்க முற்பட்டது. வைசிராய் லிட்டன் பிரபுவின் அரசாங்கம் அதை ஏற்கவில்லை. தானிய வணிகத்தில் அரசு தலையிடக் கூடாது, விலை ஏறினால் வணிகர்களே தானியத்தைக் கொண்டுவருவார்கள் என்பது அவர்கள் கொள்கை. 1877 சனவரி 1 அன்று விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் தில்லியில் நடந்தது. அதே மாதத்தில், செலவைக் கட்டுப்படுத்தும் பொறுப்புடன் பஞ்சப் பகுதிகளுக்கு ஒருவர் அனுப்பப்பட்டார். அவர் வேறு யாருமல்ல. அதே ரிச்சர்ட் டெம்பிள்.

இந்த முறை அவர் நிவாரண வேலையில் இருந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார். பெண்களுக்கும் வேலை செய்யும் சிறுவர்களுக்கும் அதைவிடச் சற்றுக் குறைவு. இதுவே ‘டெம்பிள் கூலி’ என்று பெயர் பெற்றது. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் வில்லியம் கார்னிஷ் இதை எதிர்த்தார். கடினமாக உழைக்கும் ஒருவருக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதிட்டார். 1877 மார்ச்சில் சென்னை அரசாங்கம் இரண்டுக்கும் நடுவில், ஒன்றேகால் பவுண்டு தானியமும் சிறிது பருப்பும் என்று உயர்த்தியது.

இறந்தவர்களின் எண்ணிக்கையை ஆய்வாளர்கள் பலவாறு மதிப்பிடுகிறார்கள். குறைந்த மதிப்பீடே 55 லட்சத்துக்கு மேல் செல்கிறது. உயர்ந்தது ஒரு கோடியை நெருங்குகிறது. நான் பணிபுரியும் ஊர் அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் இருந்தது. 1871 கணக்கெடுப்பில் அம்மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 19.7 லட்சம். 1881இல் அது ஏறத்தாழ 16 லட்சம். இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழிக்கச் சொன்னபோது வகுப்பு தானாகவே அமைதியானது. அந்த வித்தியாசம் முழுவதும் சாவு அல்ல. ஊரைவிட்டுப் போனவர்களும், பிறக்காமல் போன குழந்தைகளும் அதில் அடக்கம் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

முதல் பாடவேளை: எதை மாற்றலாம்?

பின்னணியைச் சுருக்கமாகச் சொன்ன பின், ‘எந்த ஒன்றை மாற்றியிருந்தால் சாவு குறைந்திருக்கும்?’ என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லாரும் சொன்ன முதல் விடை: “மழை பெய்திருந்தால்.”

அதைத் தவறு என்று சொல்ல வேண்டாம். கரும்பலகையின் இடப்பக்கம் எழுதிக்கொள்ளலாம். பிறகு ஒரே ஒரு துணைக்கேள்வி: “மழை பெய்வது யார் கையில் இருந்தது?” யார் கையிலும் இல்லை. அப்படியானால் அது மனிதர் எடுத்த முடிவு அல்ல. நாம் தேடுவது முடிவுகளை. இந்த இடத்தில் வகுப்பின் போக்கு மாறுவதைக் கண்கூடாகப் பார்க்கலாம். இயற்கையிலிருந்து மனிதர்களிடம் பேச்சு வந்துவிடும்.

அடுத்து, குழுக்களுக்குச் சான்று அட்டைகளைக் கொடுத்தேன். பழைய நாட்காட்டி அட்டைகளின் பின்பக்கம் கையால் எழுதியவைதான்.

அட்டை 1: பீகாரில் 1874இல் அரசு செய்த அரிசி இறக்குமதி.
அட்டை 2: சென்னை அரசாங்கத்தின் தானியக் கொள்முதலும் இந்திய அரசாங்கத்தின் மறுப்பும்.
அட்டை 3: டெம்பிள் கூலி.
அட்டை 4: கார்னிஷின் எதிர்ப்பு.
அட்டை 5: பஞ்ச காலத்திலும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதி தொடர்ந்தது, அதன் அளவு சுமார் 3,20,000 டன்.
அட்டை 6: சென்னையிலிருந்து உள்மாவட்டங்களுக்கு அப்போதே ரயில் பாதை இருந்தது; துறைமுகத்தில் இறங்கிய தானியம் ரயிலில் போனது; ஆனால் அதன் விலை கூலிக்காரருக்கு எட்டவில்லை.

ஒவ்வொரு குழுவும் இரண்டாம் விதியை வைத்து ஒரு மாற்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு குழு ‘விமானத்தில் உணவுப் பொட்டலம் போட்டிருந்தால்’ என்றது. மற்ற குழுக்களே அதைத் தள்ளிவிட்டன. இன்னொரு குழு ‘ஏற்றுமதியை நிறுத்தியிருந்தால்’ என்றது. நல்ல விடை. ஆனால் அட்டை 6ஐ வைத்திருந்த குழுவிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, “கோதுமை வடக்கேயிருந்து போனது சார். அதை நிறுத்தி இங்க கொண்டுவந்தாலும் வாங்க காசு வேணுமே” என்றார். தானியம் இல்லாமை ஒன்று, தானியத்தை வாங்கும் சக்தி இல்லாமை வேறொன்று என்பதை எட்டாம் வகுப்பு மாணவர் தாமாகவே கண்டுபிடித்துவிட்டார். நிலமற்ற கூலிகளும் நெசவாளர்களும் ஏன் அதிகமாக மடிந்தார்கள் என்பதை விளக்க அதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

இரண்டாம் பாடவேளை: தராசும் அரிசியும்

ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். ஒன்றேகால் பவுண்டு சுமார் 570 கிராம். ஒன்றரைப் பவுண்டு சுமார் 680 கிராம். சத்துணவுக் கூடத்திலிருந்து தராசை வாங்கி வந்து, மூன்று தட்டுகளில் அரிசியை எடைபோட்டு மேசைமேல் வைத்தோம்.

“ஒரு நாளைக்கு அரைக்கிலோ அரிசின்னா நிறைய தானே சார்?” என்று ஒரு மாணவி கேட்டாள். இந்தக் கேள்வி வந்தே தீரும், வர வேண்டும். நம் வீடுகளில் ஒருவர் ஒரு வேளைக்குச் சமைக்கும் அரிசியோடு ஒப்பிட்டால் அது பெரிய குவியலாகத்தான் தெரியும்.

இங்கே அறிவியல் ஆசிரியரை அழைத்தேன். 100 கிராம் அரிசியில் சுமார் 350 கிலோ கலோரி. அப்படியானால் 450 கிராமில் ஏறத்தாழ 1,600. 680 கிராமில் ஏறத்தாழ 2,400. நாள் முழுதும் மண்வெட்டிச் சுமக்கும் ஓர் ஆணுக்குத் தேவையோ 3,000க்கு மேல். நாம் சாப்பிடும் சோற்றுடன் பருப்பு, காய், எண்ணெய், முட்டை எல்லாம் சேர்கின்றன. அவர்களுக்கு மற்றதெல்லாம் அந்த ஓர் அணாவுக்குள், அதுவும் பஞ்ச கால விலையில். மேலும், வேலைக்கு வந்தவர்கள் பலரும் ஏற்கெனவே பல வாரம் பட்டினி கிடந்த பிறகே வந்தார்கள்.

கணக்கை மாணவர்களே கரும்பலகையில் போட்டார்கள். கார்னிஷ் கேட்டதுகூடத் தாராளமான உணவு அல்ல, தாக்குப்பிடிக்கும் அளவுதான் என்பது அப்போதுதான் விளங்கியது. முதல் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு கைப்பிடி அரிசி. ‘அந்த இரண்டு கைப்பிடியைக் குறைக்காமல் இருந்திருந்தால்?’ என்பதே அந்த வகுப்பின் கேள்வியாக அமைந்தது. வரலாற்றை மாற்றிப் பார்க்கப் பெரிய போர்க்களம் தேவையில்லை என்பதை மாணவர்கள் உணர்ந்தார்கள்.

மூன்றாம் பாடவேளை: மூன்று பெட்டிகள்

கரும்பலகையை மூன்றாகப் பிரித்தேன்: ‘உறுதியாகச் சொல்லலாம்’, ‘ஓரளவு சொல்லலாம்’, ‘சொல்ல முடியாது’. ஒவ்வொரு குழுவும் தன் முடிவை உரிய பெட்டியில் எழுதி, பக்கத்தில் ‘ஏனெனில்’ எழுத வேண்டும்.

‘உறுதியாகச் சொல்லலாம்’ பெட்டியில் வந்தவை: கூலியைக் குறைக்காமல் இருக்க வழி இருந்தது, ஏனெனில் அன்றே ஒரு மருத்துவர் எழுத்தில் கேட்டார், சென்னை அரசாங்கமும் ஓரளவு உயர்த்தியது. அரசே தானியம் கொண்டுவர முடியும். ஏனெனில் மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே அரசு, அதே அதிகாரியைக் கொண்டு அதைச் செய்தது.

‘ஓரளவு சொல்லலாம்’ பெட்டியில்: பீகார் முறையைப் பின்பற்றியிருந்தால் சாவு பெருமளவு குறைந்திருக்கும். இந்த இடத்தில் நான் எதிர்வாதியாக மாறினேன். பீகாரில் பாதிப்பு ஒரு பருவத்தோடு அடங்கியது. இங்கே நிலப்பரப்பும் பெரிது, துன்பமும் நீண்டது. பர்மா அரிசி கல்கத்தா வழியாகப் பீகாரை எளிதில் அடைந்தது. இவ்வளவு பெரிய பரப்புக்கு அவ்வளவு அரிசி கிடைத்திருக்குமா? மழை திரும்பிய பின்னும் காய்ச்சல் மெலிந்த உடல்களைக் கொண்டுபோனதே? மாணவர்கள் தடுமாறினார்கள். பிறகு ஒருவர், “மெலியாம இருந்திருந்தா காய்ச்சல் வந்தாலும் தாங்கியிருப்பாங்க இல்ல சார்?” என்றார். ‘ஏனெனில்’ என்ற சங்கிலியைத் தொடரும் பழக்கம் வந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

‘சொல்ல முடியாது’ பெட்டியில்: எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள்? எண்ணைச் சொல்ல எல்லாருக்கும் ஆசை. ஆனால் எந்தச் சான்றும் அந்த எண்ணைத் தருவதில்லை. அந்தப் பெட்டியில் அது வெறுமனே கேள்வியாகவே இருக்கட்டும் என்று விட்டோம்.

முடிவில் ஒரு மாணவி கேட்டாள்: “அப்போ அவங்க செத்தது விதி இல்லையா சார்?” என் வகுப்புகளில் நான் கேட்ட கேள்விகளில் கனமானது இது. நான் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. கரும்பலகையின் இடப்பக்கம் முதல் நாள் எழுதிய ‘மழை பெய்திருந்தால்’ என்பதையும், முதல் பெட்டியில் இருந்ததையும் மீண்டும் வாசிக்கச் சொன்னேன். “மழை விதி. கூலி விதி இல்லை” என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது.

எங்கே கவனம் தேவை?

ஒருவரை மட்டும் வில்லனாக்கிவிடக் கூடாது. டெம்பிள் தனியாக முடிவெடுக்கவில்லை. அவரை அனுப்பிய வைசிராய், செலவைக் குறைக்கச் சொன்ன கருவூலம், விலை ஏறட்டும் என்று காத்திருந்த வணிகர்கள் எனச் சங்கிலி நீள்கிறது. முன்பு செலவழித்ததற்காகக் கண்டிக்கப்பட்டவர் இம்முறை சிக்கனம் காட்டினார் என்பதையும் மாணவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். இது அவரை விடுவிப்பதற்காக அல்ல. நல்ல வேலையைத் தண்டித்தால் அடுத்த முறை என்ன நடக்கும் என்பதை விளங்கிக்கொள்வதற்காக.

‘எல்லாம் சந்தர்ப்பம்’ என்று கரைத்துவிடவும் கூடாது. அதே சந்தர்ப்பத்தில் கார்னிஷ் வேறு விதமாகப் பேசினார் அல்லவா?

இன்று வாழும் எந்தச் சமூகத்தையும் குறைகூறும் வழியாக ‘இருந்திருந்தால்’ மாற இடம் தரக் கூடாது. ‘அவர்கள் வராமலே இருந்திருந்தால் நாம் எங்கேயோ போயிருப்போம்’ என்பது போன்ற பெரிய வாக்கியங்கள் முதல் விதியிலேயே அடிபட்டுப் போகும். விதியைக் காட்டிப் புன்னகையுடன் கேட்டால் போதும்: “எந்த ஒன்றை மாற்றுகிறாய்?”

பாடத்தைச் சாவோடு முடிக்காமல், அடுத்து என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இப்பஞ்சத்துக்குப் பின் அமைந்த பஞ்ச விசாரணைக் குழு 1880இல் அறிக்கை தந்தது. அதன் அடிப்படையில் மாகாணங்களில் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. எந்த நிலையில் அரசு தலையிட வேண்டும் என்பது எழுத்தில் வந்தது. பஞ்சங்கள் அதோடு நிற்கவில்லை. ஆயினும், ‘வேறு விதமாகச் செய்திருக்கலாம்’ என்ற எண்ணம் அதிகாரிகளிடமே எழுந்ததன் சுவடு அது. சென்னையில் உள்ள மாணவர்களுக்குப் பக்கிங்காம் கால்வாயைக் காட்டலாம். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதி 1877–78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது.

தொடக்க வகுப்புகளுக்கு

நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் பஞ்சம் வேண்டாம். ஊரில் கண்ணுக்குத் தெரியும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: ஏரி, பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம். ‘இந்த ஏரி இங்கே இல்லாமல் இருந்திருந்தால்?’ என்று கேட்டு, அம்புக்குறி போட்டு மூன்று படிகள் மட்டும் வரையச் சொல்லலாம். மூன்றுக்கு மேல் வேண்டாம். நான்காம் விதி அதுதான்.

எங்கள் ஒன்றியத்தில் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியை, ‘நம் பள்ளி இந்த ஊருக்கு வராமல் இருந்திருந்தால்?’ என்ற கேள்வியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். குழந்தைகள் பாட்டி, தாத்தாவிடம் கேட்டு வந்தார்கள். “பள்ளிக்கூடம் வர்றதுக்கு முன்னாடி பொறந்ததால எங்க ஆயா கைநாட்டு, எங்க அம்மா பத்தாவது” என்று ஒரு குழந்தை சொன்னதாம். ஒரே வீட்டில் இரண்டு வரலாறுகள். சான்று தேட ஆவணக் காப்பகம்வரை போக வேண்டியதில்லை.

வேறு எந்தப் பாடங்களில்?

வேலூர்ப் புரட்சி, 1806: ‘கில்லஸ்பி ஆர்க்காட்டிலிருந்து வராமல் இருந்திருந்தால் அன்றே விடுதலை’ என்று மாணவர்கள் ஒரே தாவாகத் தாவுவார்கள். அதற்குப் பதில், புதிய தலைப்பாகையை எதிர்த்த சிப்பாய்களுக்கு அவ்வாண்டு மே மாதத்தில் கசையடி தராமல், குறையைக் கேட்டிருந்தால்? என்று மாற்றிக் கேட்டுப் பாருங்கள். சூலை 10க்கு முன்பே எச்சரிக்கை வந்திருந்தது என்பது விளங்கும். அப்போதும் மற்ற குறைகள் எஞ்சியிருக்குமே என்ற விவாதம் தானே எழும்.

கர்நாடகப் போர்கள்: 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினார்கள். 1748 உடன்படிக்கையில் அது ஆங்கிலேயரிடம் திரும்பியது. வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் பிடித்திருந்த லூயிபர்க் கோட்டை பிரான்சுக்குப் போனது. ‘சென்னை திரும்பத் தரப்படாமல் இருந்திருந்தால்?’ என்ற கேள்விக்கு உலக வரைபடம் தேவைப்படும். நம் ஊரின் கதி வேறொரு கண்டத்தில் பேரம் பேசப்பட்டது என்பதை மாணவர்கள் விரலால் தொட்டுக் காண்பார்கள். கடலூரில் ஆங்கிலேயருக்கு இன்னொரு கோட்டை இருந்தது என்பதையும் நினைவூட்டினால், எளிதில் ‘எல்லாம் மாறியிருக்கும்’ என்று சொல்லிவிட மாட்டார்கள்.

மதிப்பீடு

இப்பாடத்துக்கு ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொல்கிறேன். பத்து மதிப்பெண். மாற்றும் புள்ளியைச் சிறியதாகவும் தெளிவாகவும் தேர்ந்தெடுத்ததற்கு 2. அந்த வழி அன்று இருந்தது என்பதற்குச் சான்று காட்டியதற்கு 3. ‘ஏனெனில்’ சங்கிலிக்கு 3. சரியான இடத்தில் நிறுத்தியதற்கு 2. முடிவு என்ன என்பதற்குத் தனி மதிப்பெண் இல்லை. இரு மாணவர்கள் எதிரெதிர் முடிவுக்கு வந்து இருவருமே ஒன்பது பெறலாம். இதைப் பார்த்து முதலில் வியப்பவர்கள் மாணவர்களே.

மூன்று பாடவேளை அதிகம் என்று தோன்றினால் தராசுப் பகுதியை மட்டும் ஒரே பாடவேளையில் நடத்தலாம். அரைக்கிலோ அரிசியும், இரண்டு எண்களும், ஒரு கேள்வியும் போதும். உங்கள் மாவட்டத்தின் 1871, 1881 மக்கள்தொகை எண்களை மாவட்ட விவரச்சுவடியில் தேடிப் பாருங்கள். அந்த எண்ணைக் கண்டெடுத்த மாணவர்களிடம் ‘வேறு வழி இருந்ததா?’ என்று கேளுங்கள். நாளை அவர்களில் ஒருவர் எங்கோ ஓர் அலுவலகத்தில், பட்டியலில் உள்ள ஓர் அளவைக் குறைக்கவோ கூட்டவோ கையெழுத்திடும் இடத்தில் உட்காரக்கூடும். அப்போது இந்தக் கேள்வி அவருக்கு நினைவிருந்தால் நல்லது.